கிரெசென்சியா சரிபார்த்த வரிகள்

"ஞா ஸுனில்டா, கிரெசென்சியா ஒவேலார்னு ஒருத்தங்க உண்மையிலேயே இருக்காங்களா?"

மூத்தவளை ஊர் வழக்கப்படி மரியாதையாக 'ஞா' என்றழைத்து நிமியா இப்படிக் கேட்டபோது மணி பன்னிரண்டரை. ஜத்தாயித்தி ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு மதியத் தூக்கத்தில் கிடந்தது. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் பின்பக்க மாமரத்தடியில் ஸுனில்டா இன்ஸ்ஃப்ரான் மட்டும் விழித்திருந்தாள். மடியில் கணினி, காலடியில் ஐஸ் தண்ணீர்ப் பிளாஸ்க், கையில் தெரெரே என்னும் குளிர்ந்த பச்சிலைப் பானம் உறிஞ்சும் கொம்பு. உறிஞ்சி முடித்து, கொம்பில் மறுபடி தண்ணீர் ஊற்றி நிமியாவிடம் நீட்டிய பிறகுதான் பதில் சொன்னாள்.

"இருக்கா. நல்லா குண்டா, ரெண்டு கால்ல நடந்துக்கிட்டு இருக்கா. ஏன்?"

"கம்ப்யூட்டர் மொழிபெயர்ப்பையெல்லாம் மேற்பார்க்கிற ஒலாயா எனக்கு எழுதியிருக்காங்க."

"உனக்கா? உனக்கு எதுக்கு எழுதணும்?"

"நம்ம குவாரனி மொழிக் குழுவுல மூணு பேர் இருக்கிறதா கணக்காம். நீங்க, கிரெசென்சியா, அப்புறம் நான்."

"நீயா? நீ எப்பவோ ஒரே ஒரு வார்த்தை விட்டுப்போச்சுன்னு எழுதின பொண்ணு. அதுக்கு ஆளாயிட்டியா!"

"கிரெசென்சியாவுக்கு ரெண்டு தடவை எழுதினாங்களாம். பதிலே இல்லையாம். அவங்க ஒப்புதல் குடுக்கிறதெல்லாம் உங்க கம்ப்யூட்டர்லேர்ந்தே வருதாம். அதுவும் நம்ம ஊரு தூங்கற நேரத்துல."

ஸுனில்டா மாமரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அந்தக் கலீசியாக்காரி கெட்டிக்காரிதான். பாவம், ஸ்பெயின்ல அவளும் நம்மள மாதிரி சின்ன மொழிக்காரி. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் கேட்டிருப்பா."

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் எழுதணும். கிரெசென்சியா ஒவ்வொரு வரியையும் படிச்சுத்தான் ஒப்புதல் குடுக்கிறாங்களான்னு கேக்கறாங்க. இல்லேன்னா இந்த வெளியீட்டுலேர்ந்து குவாரனியை எடுத்துடுவாங்களாம்."

"சரி, நீ என்ன எழுதப்போற?"

நிமியா கொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க உண்மையைச் சொன்னீங்கன்னா..."

"உண்மை என்ன பொண்ணே. அவ ஸ்பெயினுக்குப் போயி ஒன்பது வருஷம் ஆச்சு. முதல் வருஷம் படிச்சா. அப்புறம் கடவுச்சொல்லை எங்கிட்ட குடுத்து, 'நான் என்ன சொல்லுவேன்னு உனக்குத்தான் தெரியுமே, நீயே சொல்லிக்கோ'ன்னுட்டா. நானும் சொல்லிக்கிட்டேன்."

"எட்டு வருஷமாவா?"

"எட்டு வருஷமா."

அப்போது நிமியாவுக்கு வேறொன்று உறைத்தது. வில்லாரிக்காவில் ஆசிரியப் பயிற்சி படிக்கும்போது, திரையில் ஒரு வார்த்தை விட்டுப்போயிருப்பதாக அவள் எழுதியிருந்தாள். மூன்றாம் நாள் பதில் வந்தது: 'பெண்ணே, நீ சொன்னது சரி. ஆனால் நீ தந்த சொல் உன் வாத்தியார் பேசும் குவாரனி, சந்தையில் பேசுவது இல்லை. மாற்றியிருக்கிறேன். கிரெசென்சியா.' அந்தக் கடிதத்தை அவள் பல நாள் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறாள்.

"அப்போ எனக்கு வந்த கடிதம்?"

"நான்தான்," என்றாள் ஸுனில்டா. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். "ஆனா அவ சொல்லியிருந்தா அப்படித்தான் சொல்லியிருப்பா. அதுல சந்தேகமே வேண்டாம்."

கடைசியாக நிமியா கிளம்பும்போது ஸுனில்டா, "இருக்காங்கன்னு எழுதிடு. அது பொய் இல்லையே," என்றாள். நிமியா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவள் பொதுவாகவே அப்படித்தான். அவளுடைய மௌனத்தை ஊரில் ஒவ்வொருவரும் தங்களுக்கு வசதியாக அர்த்தப்படுத்திக்கொள்வார்கள். ஸுனில்டாவும் அப்படியே செய்தாள்.

ஸுனில்டாவுக்கு நாற்பத்து நான்கு வயது. இருபது வருடமாக அதே அலுவலகத்தில் முன்மேசை. பிள்ளை பிறந்தாலும் கிழவர் செத்தாலும் ஜத்தாயித்தியில் எல்லோரும் அவள் முன்னால் வந்து நின்றாக வேண்டும். படிவங்கள் ஸ்பானிஷில் இருக்கும். வருகிறவர்கள் குவாரனியில் பேசுவார்கள். "இதுல சொல்லியிருக்கிறது புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். புரிந்தவரும் ஆட்டுவார், புரியாதவரும் ஆட்டுவார். இரண்டையும் பிரித்தறிய அவளுக்கு ஐந்து வருடம் பிடித்தது. புரியாதவர்கள் கொஞ்சம் சீக்கிரமாகத் தலையாட்டுவார்கள் என்பாள்.

பத்து வருடத்துக்கு முன்பு அலுவலகத்துக்குப் புதிய கணினிகள் வந்தன. இயங்குதளம் விலையில்லாதது. உலகம் முழுக்கப் பல பேர் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதுவது. அதன் மூலநிரலில் திரையில் தெரியும் ஒவ்வொரு வாக்கியமும் தனியாக வரிசைப்படுத்தி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கோப்பு. மேலே மூல வரி, கீழே அந்த மொழியின் வரி. குவாரனிக்கும் யாரோ ஒரு கோப்பைத் திறந்து, பன்னிரண்டு வரி எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். மீதி நாலாயிரத்து முந்நூறும் வெறுமையாக இருந்தன.

கோப்பைக் கண்டுபிடித்தது கிரெசென்சியா. அப்போது அவளும் அந்த அலுவலகத்தில்தான் இருந்தாள். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். பதினேழு வயதில் ஒரே பையனைக் காதலித்து, அவன் இருவரையும் விட்டுவிட்டு என்கார்னாசியோனுக்கு ஓடிய பிறகு சிநேகிதிகளானவர்கள். மதியத்தில் மற்றவர்கள் தூங்க, இவர்கள் மாமரத்தடியில் உட்கார்ந்து வரி வரியாக நிரப்பத் தொடங்கினார்கள். விதி எளிது. ஒருவர் எழுத வேண்டும், இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும். இரண்டாம் ஆள் ஒப்பாத வரி எந்தக் கணினிக்குள்ளும் போகாது. ஸுனில்டா எழுதினாள், கிரெசென்சியா அடித்துத் திருத்தினாள். "இது என்னடி, பாதிரியார் பேசற மாதிரி இருக்கு" என்று திருப்பி அனுப்புவாள். இருவரும் ஒரே மரத்தடியில் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும் எழுதித்தான் அனுப்புவார்கள். எழுத்தில்தான் கிரெசென்சியாவால் அவ்வளவு திட்ட முடிந்ததாம்.

கிரெசென்சியா மலாகாவுக்கு முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். ஒரு வருடம் அங்கிருந்தும் சரிபார்த்தாள். பிறகு கடவுச்சொல் வந்தது.

ஸுனில்டா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் எழுதிய வரியை உடனே ஒப்புக்கொள்ள மாட்டாள். மூன்று நாள் ஆறப்போட்டு, கிரெசென்சியாவின் பெயரில் உள்ளே போய், அவளைப் போல் உட்கார்ந்து, அவளைப் போல் உதட்டைப் பிதுக்கிப் படிப்பாள். பிடிக்காவிட்டால் தன்னையே திட்டி எழுதுவாள்: 'ஸுனி, உனக்குத் தூக்கம் வந்தால் தூங்கு. எழுதாதே.' மறுநாள் தன் பெயரில் மன்னிப்புக் கேட்டு வரியைத் திருத்துவாள். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. வருடங்கள் போகப்போக வரிகள் கூடின. வெளியீட்டுக்கு வெளியீடு இருநூறு முந்நூறு புது வரிகள் வரும். எண்பது விழுக்காடு நிரம்பாவிட்டால் மொழி வெளியே போய்விடும். மூன்று நாள் ஆறப்போட்டது ஒரு நாளாயிற்று. ஒரு நாள் ஒரு மணி நேரமாயிற்று.

அவளைக் குறை சொல்ல ஆளில்லை. கணினியை ஏற்றும்போது முதலில் வரும் மொழிப் பட்டியலில் அரபுக்குப் பக்கத்திலேயே, முதல் பக்கத்திலேயே, குவாரனி 'அ'வில் தொடங்கும் தன் சொந்தப் பெயரில் நின்றது. ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள். கோப்பின் தலைப்பில் மொழிபெயர்த்தவர்களின் பெயர் இருக்கும். இன்ஸ்ஃப்ரான் என்ற பெயர், அவள் ஒரு நாளும் போகாத நாடுகளின் கணினிகளுக்குள்ளும் இருந்தது. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். யாராவது பேசினால் எழுந்து போகவும் மாட்டாள்.

புதன்கிழமை மதியம் ஸுனில்டா நிமியாவை வரச்சொல்லி, கிரெசென்சியாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அடியே ஸுனி, செத்துப்போயிட்டியான்னு நெனச்சேன்," என்றது போன். "சீக்கிரம் சொல்லு. இங்க ஒரு கிழவியைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கேன். சோப்போட உக்காந்திருக்கா."

ஸுனில்டா விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னுமாடி அதைப் பண்ணிக்கிட்டு இருக்க? நான் எத்தனை வரி பாத்திருக்கேன்?"

"நாலாயிரத்துச் சொச்சம்."

"அடேயப்பா! நான் இவ்வளவு உழைப்பாளின்னு என் புருஷனுக்குத் தெரியுமா? ஏதாவது திட்டினேனா?"

ஸுனில்டா கணினியைப் பார்த்து வாசித்தாள். "'ஸுனி, இந்த வரியைக் கேட்டால் உன் கோழிகூட முட்டையிடாது.'"

போனில் சிரிப்பு. பின்னால் கிழவி ஏதோ ஸ்பானிஷில் அதட்டினாள். "நான் அவ்வளவு கொடுமைக்காரியாடி?"

"நீ இதைவிட மோசம்."

"சரி, எனக்கு எழுதட்டும் அந்த அம்மா. நான்தான் படிச்சேன், நான்தான் ஒப்புக்கிட்டேன்னு சொல்லிடறேன். யாரு சாகப்போறா? ஆனா ஏதாவது வரியைக் குடுத்துப் படிக்கச் சொல்லிடப்போறாங்கடி. இங்க வந்து எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. பேச வரும். எழுத்தைப் பாத்தா எறும்பு மாதிரி இருக்கு."

போன் அணைந்த பிறகு ஸுனில்டா கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பால் வந்த கண்ணீர் என்றுதான் நிமியா நினைத்தாள். ஆக, இப்போது பொய்க்கு எந்தத் தடையும் இல்லை. கேட்டால் கிரெசென்சியாவே ஆமென்று சொல்லிவிடுவாள். நிமியா ஒரு கடிதம் எழுதினால் போதும். அன்று மாலையே அதைத் தொடங்கினாள். 'திருமதி ஒவேலாரை நான் அறிவேன்' என்ற முதல் வரிக்கு மேல் போகவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று மூடி வைத்தாள்.

வியாழக்கிழமை காலை ஞுபொரா கிராமத்திலிருந்து குமெர்சிந்தோ வாத்தியார் நிமியாவின் பள்ளிக்கு வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் கணினியைச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஞுபொராப் பள்ளிக்கூடத்தில் ஆறு வகுப்புக்கும் அவர் ஒருவரே ஆசிரியர். நிமியா ஜத்தாயித்தி உயர்நிலைப் பள்ளியில் குவாரனியும் கணினியும் சொல்லிக்கொடுப்பவள். போன மாதம் ஆசிரியர் கூட்டத்தில் அந்த இயங்குதளத்தை யுஎஸ்பி குச்சியில் ஏற்றி அவருக்குக் கொடுத்தவளும் அவள்தான். "குவாரனியிலேயே ஏத்துங்க வாத்தியாரே, பிள்ளைங்க தானாவே பழகிக்கும்," என்றாள். அந்தக் கூட்டத்தில் அவள் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

"ஒண்ணுமே இல்ல பொண்ணே," என்றார் வாத்தியார். "எல்லாம் போயிருச்சு. எட்டு வருஷத்து மதிப்பெண். ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க பதினோரு பேரு. சான்றிதழ் இல்லாம உங்க பள்ளிக்கூடத்துல எப்படிச் சேப்பீங்க?"

"நோட்டுல எழுதி வைக்கலையா?"

"வச்சேன். கரையானுக்குப் பிடிச்சிருந்துச்சு."

பள்ளி அலுவலகச் செயலாளர் லிடுவினா தட்டச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "என்ன வாத்தியாரே, பழசை வச்சிக்கவா அழிக்கவான்னு கேட்டிருக்கும். நீங்க அழின்னு அமுக்கியிருப்பீங்க."

"பழசை வச்சிக்கோன்னுதான் அமுக்கினேன்னு நெனச்சேன் லிடு."

"ஐம்பது வருஷமா குவாரனி பேசறீங்க. ரெண்டு வரி படிக்கத் தெரியலையா?"

வாத்தியார் சிரித்தார். சிரிப்பு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கொஞ்சம் அதிகமாகவே நீண்டது. "பேசறது நாக்கு. படிக்கிறது கண்ணு. என் கண்ணு ஸ்பானிஷ் பள்ளிக்கூடத்துல படிச்ச கண்ணு. குவாரனியைப் பாத்தா தடவித் தடவித்தான் போகும். என் தப்புதான்."

நிமியா கணினியைத் திறந்து பார்த்தாள். புதியது பழையதன் மேல் முழுக்க ஏறி உட்கார்ந்திருந்தது. மீட்க முடிந்தவை சில படங்கள் மட்டும். கொடிநாள் அணிவகுப்பில் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு நின்ற நாலைந்து படங்கள். வாத்தியார் அதற்கும் நன்றி சொன்னார்.

அவர் போன பிறகு அவள் கணினி ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு, காலியாக இருந்த ஒரு கணினியில் அதே குச்சியைச் செருகினாள். மொழிப் பட்டியலில் குவாரனியைத் தேர்ந்தாள். மூன்றாம் திரையில் இரண்டு தேர்வுகள் வந்தன. படித்தாள். முதல் தேர்வில், 'உள்ளதை அப்படியே வைத்துக்கொண்டு ஏற்று' என்று இருந்தது. இரண்டாவதில், 'எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏற்று.' தெளிவாகத்தான் இருந்தது. வாத்தியார் எப்படித் தவறாகப் படித்தார் என்று யோசித்துக்கொண்டே, பக்கத்துக் கணினியில் அதே திரையை ஸ்பானிஷில் திறந்தாள்.

ஸ்பானிஷில் முதல் தேர்வு, அழிப்பது. இரண்டாவது, வைத்துக்கொள்வது.

அவளுக்கு முதலில் தோன்றியது, தான் ஏதோ தவறாகப் படிக்கிறோம் என்பதுதான். இரண்டு மொழியிலும் எழுத்தறிந்தவள், அதைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள். அவளே மூன்று முறை விரல் வைத்துப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நான்காம் முறை படித்தாள். தவறு கண்ணில் இல்லை. இரண்டு குவாரனி வரிகளும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

மூலநிரலைத் திறந்து கோப்பைத் தேடினாள். இரண்டு வரிகளும் அடுத்தடுத்து இருந்தன. மேலே உள்ளதற்குக் கீழே உள்ளதன் மொழிபெயர்ப்பு, கீழே உள்ளதற்கு மேலே உள்ளதன் மொழிபெயர்ப்பு. ஒட்டும்போது கை மாறியிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் மாதம். எழுதியவர், ஸு. இன்ஸ்ஃப்ரான். சரிபார்த்தவர், கி. ஒவேலார். அன்று மதியம் ஒன்பது நிமிடத்தில் கி. ஒவேலார் நாற்பத்தாறு வரிகளுக்கு ஒப்புதல் தந்திருந்தாள். அவளுடைய வழக்கமான திட்டு ஒன்றுகூட அங்கே இல்லை.

அன்று மதியம் மாமரத்தடியில் ஸுனில்டா இரண்டு வரிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொம்பில் தண்ணீர் ஊற்றினாள், ஆனால் குடிக்கவில்லை.

"அந்த ஆகஸ்ட்டு," என்றாள் கடைசியில். "எங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்தாரு. வெளியீட்டுக்கு ரெண்டு நாள்தான் இருந்துச்சு. எழுபத்தொன்பது விழுக்காட்டுல நின்னுக்கிட்டு இருந்துச்சு."

நிமியா திரையிலிருந்த தேதியை மறுபடி பார்த்தாள்.

"மூணு வருஷம். இந்த வட்டாரத்துல எத்தனை பேரு இதை ஏத்தியிருப்பாங்க? ஒருத்தர்கூடவா சொல்லல?"

"வாத்தியார் தன் கண்ணு மேல பழி போட்டுக்கிட்டார். நானே முதல்ல என் மேலதான் சந்தேகப்பட்டேன்."

ஸுனில்டா கணினியை மூடினாள். மூடிய பிறகும் கையை அதன் மேலேயே வைத்திருந்தாள். "சொன்னாங்க," என்றாள் மெதுவாக. "என்கிட்டயே சொன்னாங்க. கூட்டுறவுச் சங்கத்துப் பையன் சொன்னான். தபால் ஆபீஸ் நார்சிசா சொன்னா. என் மேசைக்கு முன்னாடி நின்னு, 'என்னமோ அமுக்கிட்டேன் ஞா, எல்லாம் போச்சு, நம்ம மொழியைப் படிக்கக்கூடத் தெரியல பாருங்க'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நார்சிசாகிட்ட, 'அடுத்த தடவை கண்ணைத் தொறந்து படி'ன்னு வேற சொன்னேன்."

நிமியா கிளம்பவில்லை. இரண்டு மணிக்கு அலுவலகக் கதவைத் திறக்க வேண்டும். அதுவரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு முறை நிமியா, "அந்த ரெண்டு வரியையும் இப்பவே மாத்திடலாம் ஞா. இன்னும் ஒரு நாள் இருக்கு. மாத்திட்டா சரியாயிடும்," என்றாள். அவளுக்கும் கிரெசென்சியாவை இழக்க மனமில்லை. பட்டியலின் முதல் பக்கத்தில் தன் மொழி இல்லாத திரையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? ஸுனில்டா தலையாட்டினாள். கொஞ்சம் சீக்கிரமாகவே ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆய்வகக் கதவைத் தட்டியது ஸுனில்டா. வேலை நேரத்தில் அவள் முன்மேசையை விட்டு வெளியே வந்ததை நிமியா அதுவரை பார்த்ததில்லை. செருப்பெல்லாம் செம்மண். தலைமுடியில் தூசி.

"எழுதி அனுப்பிட்டியா?"

"இல்ல ஞா. பாதியில இருக்கு."

"நல்லது. உக்காரு. நானும் உக்காரறேன்."

விடியற்காலையிலேயே ஞுபொராவுக்குப் போய் வந்திருந்தாள். யாரிடமோ மோட்டார் சைக்கிள் கடன் வாங்கி, இரண்டு வரிகளையும் பெரிய எழுத்தில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். வாத்தியார் அப்போதுதான் பசுவைக் கறந்துகொண்டிருந்தாராம்.

"காகிதத்தைக் காட்டினேன். வாத்தியாரே, தப்பு உங்க மேல இல்ல, என் மேல, ரெண்டு வரியையும் மாத்தி வச்சிட்டேன்னு சொன்னேன். வாங்கிப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் என்ன சொன்னாரு தெரியுமா?"

"என்ன சொன்னார்?"

"'இல்ல ஞா, நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும். நான்தான் தப்பாப் படிச்சிருக்கேன்'னாரு. நான் விடல. மறுபடி சொன்னேன். சத்தம்கூடப் போட்டேன். அவரு எனக்குப் பாலைக் காய்ச்சிக் குடுத்து, சிப்பா ரொட்டியைத் தட்டுல வச்சு, 'நீங்க வருத்தப்படாதீங்க, வயசானா கண்ணு இப்படித்தான்'னு எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினாரு." அவள் செருப்பிலிருந்த செம்மண்ணைத் தட்டினாள். "நம்பவே மாட்டேங்கறாரு நிமியா. மொழி தப்பா இருக்கும்னு அவரால நினைச்சுக்கூடப் பாக்க முடியல."

நிமியா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சான்றிதழ் இல்லாமல் சேர்த்துக்கொள்ளத் தலைமையாசிரியரிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னாள். ஸுனில்டா அதற்கு நன்றி சொன்னாள். ஆனால் அவள் அதற்காக வரவில்லை.

"போறதுக்கு முன்னாடி நாப்பது வரி படிச்சேன். கிரெசென்சியாவா இல்ல. நானா, முதல் தடவையாப் படிக்கிற மாதிரி. மூணு தப்பு. ஒண்ணு, பாதி வாக்கியத்தோட நிக்குது. ஒண்ணு எதையும் சொல்லல, சும்மா அழகா இருக்கு. ஒண்ணு, நிறுத்துன்னு சொல்ல வேண்டிய இடத்துல தொடருன்னு சொல்லுது. நாப்பதுல மூணு. மீதி நாலாயிரத்து எரநூத்துச் சொச்சத்துல எத்தனை இருக்கும்? நீ கணக்கு வாத்தியார் இல்ல, விட்டுடு."

"நான் படிக்கிறேன் ஞா. நான் சரிபார்க்கிறேன். உண்மையாவே நான்."

"படி. மெதுவாப் படி. எத்தனை மாசம் ஆனாலும் ஆகட்டும். ஆனா நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் அது யாரோட கம்ப்யூட்டர்லயும் இருக்கக்கூடாது." நிமியாவின் திரையில் பாதியில் நின்றிருந்த கடிதத்தை அவள் பார்த்தாள். 'திருமதி ஒவேலாரை நான் அறிவேன்.' அந்த வரியை விரலால் தொட்டாள். "நான் ரெண்டு தடவை எழுத உக்காந்தேன். கை வரல. பத்து வருஷம் நானே உள்ள வச்சதை நானே எடுங்கன்னு சொல்ல எனக்குக் கை வரல. உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன், மாட்டேன்னு சொல்லாத. ஒலாயாவுக்கு நீ எழுது. கிரெசென்சியா எட்டு வருஷமா ஒரு வரிகூடப் படிக்கலன்னு எழுது. படிச்சது நான்தான்னு என் பேரைப் போட்டு எழுது. இந்த வெளியீட்டுலேர்ந்து குவாரனியை எடுத்துடச் சொல்லு. இப்பவே, நான் இங்க உக்காந்திருக்கும்போதே எழுது, நிமியா."